ஏழாம் வாய்ப்பாடு

வர்த்தூர் ஏரிக்குப் பின்னால்
பதினாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது.
அதன் காலடியில் நீலத் தகரக் கொட்டகைகள் நாற்பது.
நாற்பத்தோராவது, பள்ளிக்கூடம்.

தைப்பிங்கிலிருந்து போயிருந்தேன்.
இருபத்தாறு நாள் லீவு, இரண்டு பெட்டி பென்சில்,
முதுகில் வாசகம் அச்சிட்ட மஞ்சள் சட்டை.
அலுவலகத்தில் கேக் வெட்டி அனுப்பினார்கள்.
பத்தொன்பது வருஷமாய்ப் பிறர் கணக்கைத் தணிக்கை செய்தவளுக்கு
உள்ளே ஒரு கணக்கு மட்டும் நேராகாமல் கிடந்தது.
அங்கே போனால் நேராகும் என்று
யாரிடமும் சொல்லாமல் நினைத்திருந்தேன்.

முதல் நாள் ஒருத்தி முன்னால் வந்து நின்றாள்.
பெயர் கேட்பாள் என்று குனிந்தேன்.
"எஷ்டு தின?" என்றாள்.
எத்தனை நாள்.
பத்து விரலை இரண்டு முறை விரித்து
மேலே ஆறு காட்டினேன்.
மணல் லோடு சரிபார்ப்பவள் போல்
தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஹுலிகெம்மா. ஒன்பது வயது, யாத்கிரிப் பக்கம்.
இடுப்பில் தம்பி மௌனேஷ்;
அவனை இறக்கிவிட்டு அவள் நின்று
நான் பார்த்ததில்லை.

பலகையில் ஒன்றாம் வாய்ப்பாடு எழுதத் தொடங்கியதும்
பிள்ளைகள் என் சாக்பீஸை முந்திக்கொண்டார்கள்.
இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
ஆறு பத்து அறுபது வரை ஒரே மூச்சு.
அங்கே குழாயை மூடியது போல் நின்றது.

எனக்கு முன்னால் வந்திருந்தார்கள்:
கிட்டார் வைத்திருந்த டென்மார்க் பையன்,
பரீட்சை லீவில் இரண்டு பெண்கள்,
ஒரே சனிக்கிழமையில் நாற்பது பேராய் வந்து
சுவரில் வானவில் தீட்டிப்போன கம்பெனி.
எல்லாரும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.
அதிகம் தாக்குப்பிடித்தவர் ஆறு வரை.
"அப்புறம்?" என்றேன்.
ஹுலிகெம்மா கேட்டைக் காட்டினாள்.

மறுநாள் ஏழில் ஆரம்பித்தேன்.

நான் ஏழு என்றேன், அவள் ஏளு என்றாள்.
என் ழ-வைக் கேட்டு வகுப்பே சிரித்தது.
அவர்கள் பேச்சில் ஏளு என்றால் எழுந்திரு என்றும் அர்த்தமாம்.
விடியுமுன் அம்மா தகரத்தைத் தட்டி
ஏளு, ஏளு என்பாளாம்.
அதனால்தானோ என்னவோ
ஏழாம் வாய்ப்பாட்டை நின்றுகொண்டே சொன்னார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை, கூலி நாள்.
ஏழு நாளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு
என்று நீட்டினார் மேஸ்திரி.
அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
நானூற்றைம்பதுக்கு ஏழு,
மூவாயிரத்து நூற்றைம்பது.
மீதி எங்கே?
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.
முந்நூற்றைம்பதை எண்ணி வைத்தார்.
அம்மா மட்டும் அவள் வாயைப் பொத்தினாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை, பெருமையில்.
கைப்பேசியில் ஊருக்கெல்லாம் எழுதினேன்.
இதற்குத்தான் வந்தேன் என்றுகூட எழுதினேன்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு
வேலை பதினாலாம் மாடியில் விழுந்தது.
லிஃப்ட் சிமெண்ட் மூட்டைக்குத்தான், ஆளுக்கில்லை.
கீழே நின்று அண்ணாந்து
"ஏளெரட்லெ ஹதினால்கு" என்றாள் ஹுலிகெம்மா.
ஈரேழு பதினாலு.
குற்றம் சொல்லவில்லை, கணக்குச் சொன்னாள்.
மேஸ்திரியிடம் போய்ப் பேசினேன்.
"நீங்க எத்தனை நாள் மேடம்?" என்றார்,
என் தமிழிலேயே.

கடைசி நாள் அவள் அழவில்லை.
மௌனேஷை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி
"எட்டு?" என்றாள்.
டாக்ஸி காத்திருந்தது.
எட்டெட்டு வரை எழுதினேன்,
சாக்பீஸ் தகரத்தில் கிறீச்சிட.

ஊரில் கேட்கிறார்கள், போய் வந்ததில் என்ன கிடைத்தது என்று.
ஒரு பக்கம் முந்நூற்றைம்பது ரூபாய்.
மறுபக்கம் பதினாலு மாடிப் படிகள், தலையில் சட்டியோடு.
எத்தனை முறை கூட்டினாலும் இடிக்கிறது.

ஐந்து மணிக்கு அலாரம் வைப்பதை விட்டுவிட்டேன்.
தானாகவே விழிப்பு வருகிறது,
யாரோ தகரத்தைத் தட்டினாற்போல.
நாற்பத்தோராவது கொட்டகையில் இன்று
புதிதாய் ஒருவர் சாக்பீஸ் எடுத்திருக்கலாம்.
அவரிடம் அவள் முதலில் நாளைக் கேட்கட்டும்.
பிறகு பலகையைக் காட்டி,
எட்டு ஒன்பதிலிருந்து தொடங்கச் சொல்லட்டும்.