அட்டவணை எழுதுகிறவன்

சுபாங்கிலிருந்து பினாங்குக்கு
நேர்கோடு பிடித்தால்
முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
சாலையில் போனால் கூடும்.
தாப்பாவில் மூத்திரத்துக்கு நிற்பதையும்
மெனோரா சுரங்கத்துக்கு முன்னால்
லாரிகளின் பின்னே ஊர்வதையும்
யாரும் கிலோமீட்டரில் சேர்ப்பதில்லை.

விமானம் காற்றில் இருப்பது நாற்பத்தாறு நிமிடம்.
நான் அச்சுக்குக் கொடுப்பது
ஒரு மணி ஐந்து நிமிடம்.

என் வேலை அது.
மூன்றாம் மாடியில், ஏர்கோனுக்கு நேர் கீழே,
கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு
நிமிடங்களைக் கூட்டி எழுதுகிறேன்.
கதவு சாத்த மூன்று.
ஓடுபாதை வரிசைக்கு ஆறு.
மதியத்துக்குமேல் கிள்ளான் பக்கம் கறுக்கும் மேகத்துக்கு நான்கு.
பாயான் லெப்பாஸில் இறங்க இடம் கேட்டு
கடலுக்குமேல் சும்மா ஒரு வட்டம் அடிக்க ஐந்து.
இன்னும் ஒன்று மீதி. அது எதற்கென்று
மேலாளர் ஹஃபிஸ்கூடக் கேட்டதில்லை.

தாமதமாகக் கிளம்பியும்
நேரத்துக்கு வந்துவிட்டதென்று பயணிகள் மெச்சுவார்கள்.
கைதட்டிய ஆள்களும் உண்டு.
பொய் என்று சொல்லிவிட முடியாது.
தீபாவளிச் சட்டை தைக்கும்போது
பிள்ளை வளருமே என்று
உள்மடிப்பில் விடுகிற துணி.

யோகமலருக்கு அங்கே
சில்லுத் தொழிற்சாலையில் இராப்பணி.
இது மூன்றாம் வருடம்.
வெள்ளிக்கிழமைகளில் நான் போகிறேன்,
ஊழியர் சலுகையில், காலி இருக்கை இருந்தால்.
இல்லாத வெள்ளிகளில்
"அப்படி எவ்வளவு தூரந்தான்" என்பாள்.
நான் நிமிடத்தில் சொல்வேன்.
அவள் சட்டையில் சொல்வாள்:
போன தடவை துவைத்துப் போட்டது,
உங்க நீலச் சட்டை,
இன்னும் கொடியிலேயே கிடக்குது.

போன வெள்ளி
மேகமே இல்லை. வரிசை இல்லை. வட்டம் இல்லை.
மீன்பிடிப் படகுகள் இறக்கைக்கு அடியில் வந்து
கேட்பதற்குள் போய்விட்டன.
படியிறங்கிக் கடிகாரம் பார்த்தேன்:
பதினான்கு நிமிடம் முன்னால்.
நான் கூட்டி வைத்ததெல்லாம்
சில்லறையாய் என் கைக்கே திரும்பியிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் அவளுடைய மைவி.
கண்ணாடியைத் தட்டலாமென்று
பத்தடி வரைக்கும் வந்துவிட்டேன்.

இருக்கையைச் சாய்த்திருந்தாள்.
செருப்பைக் கழற்றி, ஒரு கால் ஸ்டீயரிங்மேல்.
காயா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து
எதையும் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தாள்.
தொழிற்சாலை இல்லை அந்த முகத்தில்.
நானும் இல்லை.

ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான்
முன்னதாகவே வந்திருக்க வேண்டும்.
மேகத்துக்கென்று நான் வைத்த நான்கையும்
கடலுக்கென்று வைத்த ஐந்தையும்
இவள்தான் எடுத்துச் செலவழித்திருக்கிறாள்.
எதற்கென்று தெரியாத அந்த ஒன்றையும்.

திரும்பி நடந்தேன்.
தூணுக்குப் பின்னால், வண்டிகள் கக்கும் சூட்டில்,
பையைக் காலிடுக்கில் வைத்து நின்றேன்.
"ஜார்ஜ்டவுனா?" என்றார் ஒரு டாக்சிக்காரர்.
தலையாட்டினேன், இல்லையென்று.
மறுபடி வந்து கேட்டார்.
கடிகாரம் ஐந்து ஐம்பதைத் தொட்டதும்
வந்து சேர்ந்தேன்.

"லேட்டாகலையே" என்றாள்,
விரலில் ஒட்டிய காயாவை நக்கியபடி.
"இல்லை" என்றேன்.

திங்கள் காலை
பினாங்கு வரியைத் திறந்து
அறுபத்தைந்தை அழித்து
எழுபது என்று போட்டேன்.
ஹஃபிஸ் எட்டிப் பார்த்தார்.

காற்று, என்றேன்.