விற்காத ஈரல்

திங்கள்சந்தையில் முப்பத்தோரு வருசம்
ஆடு உரித்தவன் நான்.
ஈரலைக் கையில் தூக்கினாலே
கனம் சொல்லிவிடும்.
நல்லது வழுக்கும்.
கெட்டது விரலைத் தடுக்கும்: உள்ளே ஒரு பளிங்கு,
இளநுங்கின் கண்போல.
குத்தினால் பீய்ச்சும் தெளிந்த தண்ணி.

அதை நான் விற்றதில்லை.
பக்கத்துக் கடை வறுவேல்
கட்டியை அரிந்துவிட்டு மிச்சத்தைத் தராசில் போடுவான்.
நான் முழுசாக வீசுவேன்,
பலகைக்கு அடியில் கிடக்கும் சிப்பாய்க்கு.
ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை
ஈரல் கேட்டு ஆள் நெருக்கி நிற்கும்போதும்
வீசினேன்.

என் நேர்மையைத் தின்று வளர்ந்த நாய்.
ரோமம் எண்ணெய் தேய்த்தாற்போல் மினுங்கும்.
காலை நக்கும்,
வெற்றிலை மடிக்கிற விரலை நக்கும்.

போன ஆனியில் விலாவுக்குக் கீழே ஒரு பாரம்.
"வாயுவாக்கும்" என்றாள் கிளாடிஸ்,
பூண்டு சுட்டுத் தந்தாள்.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
குளிர்ந்த பசை தடவி ஒரு பெண்
வயிற்றில் கருவியை உருட்டினாள்.
திரையில் சாம்பல் மழை.
அதற்குள் வட்டமாக ஓர் இருட்டு.

அவள் வாய் திறக்கும் முன்னே தெரிந்துபோச்சு.
எடைகூடச் சொல்லியிருப்பேன்:
கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

டாக்டர் சின்னப் பையன்.
"வீட்டில் நாய் உண்டா?"
கடையில் உண்டு என்றேன்.
காகிதத்தில் ஒரு வட்டம் போட்டான்:
ஆட்டின் ஈரல், நாயின் குடல், நாய் பேண்ட புல்,
திரும்ப ஆடு.
ஓரத்தில் ஒரு கிளை இழுத்து
என் பெயரை எழுதினான்.
அரிசிமணி அளவு வராத புழுவாம்.
அதன் முட்டை கண்ணுக்கே தெரியாதாம்.
மயிரில் ஒட்டி, நாக்கில் ஒட்டி, விரலில் ஒட்டி
என் வெற்றிலைக்கு வந்திருக்கிறது.
தாய்க்கட்டி, உள்ளே மகள்கட்டிகள் என்றான்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

"அறுக்கும்போது உடையக் கூடாது.
உள்ளே சிந்தினால் ஆளுக்கே ஆபத்து."
எத்தனை நூறு உடைத்திருப்பேன்
கத்தி முனையால், சும்மா வேடிக்கைக்கு,
சந்தைப் பையன்கள் சிரிக்க.

கறி வாங்கின ஒருத்தருக்கும் இவர் கேடு செய்யவில்லையே
என்று கிளாடிஸ் ஜெபத்தில் வழக்காடினாள்.
வாங்கினவர்களுக்குச் சரி.
நாய் போன வழியெல்லாம் யார் கண்டது?
தையல்கடை வாசல், கீரைக்காரியின் சாக்கு,
பள்ளிக்கூடத்து மணல்.

இப்போது கடைக்குப் பின்னே குழி.
இரண்டு முழம் செம்மண், அதற்குள் பாறை வந்துவிடும்.
ஈரல், சுண்ணாம்பு, மண்,
மேலே உடைந்த அம்மிக்கல்.
சிப்பாய்க்கு ஆறு வாரத்துக்கொரு மாத்திரை.
கொழுப்பில் பொதிந்து கொடுத்தால்
கொழுப்பைத் தின்று மாத்திரையைத் துப்பும்.
"நீங்களும் அப்படித்தான்" என்கிறாள் கிளாடிஸ்,
என்னுடையதை நீட்டியபடி.

அடுத்த மாதம் அறுவை.
வறுவேல் இன்னும் அரிகிறான்.
அரிந்ததை எங்கே வீசுகிறான் என்று
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.
இரண்டு தடவை சொன்னேன்.
"ஒனக்க வேலையப் பாரு ஓய்" என்றான்.

சிப்பாய் அம்மிக்கல்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
கீழே இருப்பது அதற்குத் தெரியும்.
என்னைப் பார்த்து வாலாட்டுகிறது.
பழக்கத்தில் கையை நீட்டினேன்.
பாதியில் மடக்கிக்கொண்டேன்.