முதுகுப் பக்கம்

உன் முகத்தைவிட முதுகைத்தான்
எனக்கு நன்றாகத் தெரியும், பெனடிக்டா.
வியர்வை முதலில் எந்த இடத்தை நனைக்கும்,
பயந்தால் எந்தக் குதிகால் தரையை விடும்,
கொண்டையிலிருந்து எத்தனையாவது கேமில்
முதல் கிளிப் கழன்று விழும்,
எல்லாம்.

நான் சர்வீஸ் போட நிற்பேன்.
நீ வலையருகே குனிந்தபடி
கையைப் பின்னால் வைத்துக் காட்டுவாய்.
மூடிய கை: இங்கேயே இருப்பேன்.
விரித்த கை: குறுக்கே பாய்வேன்,
என் இடத்தை நீ பார்த்துக்கொள்.
கட்டைவிரலை மட்டும் ஆட்டினால்
அது ஆட்டத்தில் சேராது.
பசிக்கிறது என்று அர்த்தம்.

பெரம்பூர் ரயில்வே கோட்டு.
லோகோ ஒர்க்ஸ் சங்கு ஊதினால்
சுண்ணாம்புக் கோடு போடும் முனிரத்தினம்
வாளியை அப்படியே வைத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விடுவார்.
பாதிக் கோட்டுக்குள் ஆடிப் பழகினோம்.
மீதிக் கோடு எங்கே என்று
சண்டை போட்டும்.

தனியாக ஆடினால்
நான் இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை.
நீ முதல் சுற்றையே.
தோற்றவள் இருவரைக் கூட்டினால்
ஏழு தேசியப் பட்டம் வரும் கணக்கு
எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை.
சுழற்கோப்பை உன் வீட்டில் ஆறு மாதம்,
என் வீட்டில் ஆறு மாதம்.
என் வீட்டில் இருந்தபோது அதில்
கறிவேப்பிலைக் கொத்து நட்டுவைத்தேன்.
உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

பேப்பரில் ஒற்றையர் சாம்பியனுக்குப் படம் வரும்.
நமக்குக் கடைசி வரி.
ஒருமுறை நடுவில் கமாவை விட்டுவிட்டு
'பெனடிக்டா சசிரேகா பட்டம் வென்றார்' என்று
ஒரே ஆளாக்கிவிட்டார்கள்.
திருத்தம் கேட்கலாம் என்றேன்.
நீ கத்தரித்து வைத்துக்கொண்டாய்.

நீ இடக்கை. நான் வலக்கை.
நடுவில் வரும் பந்து
இருவருக்கும் போர்ஹேண்ட்.
அதனால் பதினோரு வருஷம்
பகலும் இரவும் நாம் பேசியது
பெரும்பாலும் இரண்டே வார்த்தை:
என்னுது. உன்னுது.
பேட்டி எடுப்பவரிடம் 'நாங்கள்' என்போம்.
அவரை வெளியே நிறுத்தும் சொல் அது.
'நாம்' என்று சொல்ல
எனக்குக் கேட்க ஒரே ஒருத்தி போதும்.

நுங்கம்பாக்கம். ஜூன் மாதம்.
மூன்று மணிக்கு வரவேண்டிய கடற்காற்று
நாலரை ஆகியும் வரவில்லை.
மூன்றாவது செட், டை பிரேக்.
உன் பைக்குள் ஹூப்ளிக்கு மாற்றல் உத்தரவு.
என் முட்டிக்கு டாக்டர் எழுதிய ஒற்றை வரி
என் பைக்குள்.
ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை.

சாதாரணப் பந்து.
பள்ளிக்கூடப் பிள்ளைகூட அடிக்கும்.
நேராக நடுவில் வந்தது.
'உன்னுது' என்றாய்.
'உன்னுது' என்றேன்.
ஒரே மூச்சில்.
இரண்டு உன்னுதுக்கும் இடையில் புகுந்து
பின்கோட்டில் இரண்டு குதி குதித்து
ஓரத்துத் தார்ப்பாயில் போய்ப் படுத்தது.

அன்று நிருபரிடம் நீ சொன்னாய்:
நான்தான் விட்டுவிட்டேன்.
அடுத்த நாற்காலியில் நானும் அதையே
சொல்லிக்கொண்டிருந்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல் முறையாக
நான்,
நான்.

பிறகு என்ன?
மூர் மார்க்கெட் கட்டடத்தில்
முன்பதிவு ஜன்னல், எண் பதினெட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நாளெல்லாம் முகங்கள்.
முகங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று
எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

போன மாதம் உன் மகள் கல்யாணம்.
லூர்து மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபம்.
மேடையில் நீ படத்துக்கு நிற்கிறாய்,
பட்டுப்புடவை, சாயம் பூசிய முடி,
முன்னால் முந்நூறு பேர், விளக்கு, கேமரா.
சிரி என்கிறார்கள், சிரிக்கிறாய்.
நான் பின்பக்கம்,
நாற்காலி அடுக்கியிருந்த இடத்தில்
கைப்பை காவலுக்கு நின்றிருந்தேன்.

உன் இடது கை
மெதுவாகப் பின்னால் வந்தது.
கட்டைவிரல் ஆடியது.

நான் பந்தியில்
இரண்டு இலைக்கு இடம் பிடிக்கப் போனேன்.