நாற்பது மணி நேரக் காற்று

ஹொனலுலுவில் இருந்து சென்னைக்கு
நேர்கோடு பிடித்தால் பன்னிரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.
நிற்காமல் பறந்தால் பதினான்கு மணி நேரம்.
நிற்காத விமானம் கிடையாது.
டோக்கியோவில் ஒரு இரவு, சிங்கப்பூரில் ஒரு கிடங்கு,
நடுக்கடலில் ஒரு கோடு;
அதைத் தாண்டியதும் காலண்டரில் ஒரு செவ்வாய் காணாமல் போகும்.
பெட்டியின் மேல் எழுதியிருப்பது தூரம் அல்ல.
நாற்பது மணி நேரம்.
பைக்குள் அடைத்த காற்று அதுவரைதான் வரும்.

வருகிறவை தாய் இறால்கள்.
முதல் வகுப்புப் பயணிகளம்மா, என்பான் சுப்பராயுலு.
ஒன்றின் விலை
என் ஐந்து நாள் சம்பளம்.

நீலாங்கரையில் ஐந்து நாள் காவல்,
நோய் இல்லை என்று முத்திரை,
புதுத் தண்ணீர், புதுக் காற்று.
இந்த முறை எட்டு மணி நேரத்துக்கு.
தடாவுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்,
தாராளம்.

ஆரம்பாக்கம் தாண்டவில்லை, வண்டிகள் நின்றுவிட்டன.
செக்போஸ்ட்டில் தகராறு இல்லை, விபத்தும் இல்லை.
லாரிக் கூரைகளில் ஆட்கள்
கிழக்கே கையைப் புருவத்தில் வைத்தபடி.
ஏரிக்கு அப்பால் இன்று ராக்கெட்.

வேனின் பின்பக்கம் நானும் வெப்பமானியும்.
இருபத்து மூன்று.
இருபத்து நாலரை.
ஐஸ் எங்கே கிடைக்கும் என்று மீன் வண்டிக்காரனைக் கேட்கிறேன்,
அவன் வானத்தைக் காட்டுகிறான்.
முதலாளி போனில் தெலுங்கில் திட்டுவதை
சுப்பராயுலு தமிழில் பாதியாக்கித் தருகிறான்.

எழும்பியது.
முதலில் வெளிச்சம், வெகுநேரம் கழித்து
வயிற்றுக்குள் கேட்கிற சத்தம்.
பைகளில் தண்ணீர் நடுங்கியது.
இறால்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.
பதினேழு நிமிடத்தில் பூமியைச் சுற்ற ஆரம்பிச்சிடும்
என்றார் பக்கத்து லாரிக்காரர், தானே அனுப்பியதுபோல.
பதினேழு நிமிடத்தில் நாங்கள்
ஒரு பஞ்சர் கடையிலிருந்து
இன்னொரு பஞ்சர் கடைக்கு நகர்ந்திருந்தோம்.

தடா வந்தபோது இருட்டு.
நூற்றிருபதில் மூன்று செத்திருந்தன.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்
பயணம் என்று எழுதினேன்.
எந்தப் பயணம் என்று எழுத
அங்கே இடம் இல்லை.

தொட்டி அறையில் கறுப்புத் துணி, குறைந்த விளக்கு.
அந்த ஊர் இரவை இன்னும் உடம்பில் வைத்திருப்பவற்றை
தினம் ஒரு மணி நேரமாக
எங்கள் பக்கம் இழுக்கிறோம்.
பிறகு, சீக்கிரம் சினை பிடிக்க
ஒரு கண்ணை எடுத்துவிட வேண்டும்.
சூடான இடுக்கி, ஒரு நொடி.
அது என் வேலை. கை சுத்தம் என்று பெயர் எனக்கு.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும்
இடுக்கி கொஞ்சம் நிற்கும்.
இரண்டில் எதற்குள் அந்த ஊர் மணி,
எதற்குள் இந்த ஊர் மணி?

கேட்க ஆளில்லை.
பெரும்பாலும் இடது கண்.