வருகைப் பதிவேடு

கிள்ளானிலிருந்து வந்தவள் நான்.
முதல் நாள் "பசியாறியாச்சா?" என்றேன்.
பெஞ்சு குலுங்கச் சிரித்தார்கள்.
"சாப்பிட்டியளான்னு கேளுங்க மிஸ்,"
என்றாள் ஜெரோஸ்லின்.
இந்தக் கூடத்தில் முதலில் திருத்தப்பட்ட வாக்கியம்
என்னுடையது.

கடியப்பட்டணம் சமூகக்கூடம்.
கீழே வலைக்கிடங்கு, மேலே நாங்கள் இருவர்.
போலந்துக்காரி ஆக்னியெஷ்கா
யார் வாய்க்கும் அடங்கவில்லை;
இரண்டாம் வாரமே ஊர் அவளை ஆக்னஸ் ஆக்கிவிட்டது.
ஜனவரியில் நாமவிழா என்று சொல்லி
ரசவடையும் வாழைக்குலையும் கொண்டுவந்தார்கள்.
எனக்கு விழா இல்லை.
தேவகலா என்ற பெயரில் புனிதர் யாரும் இல்லையாம்,
தேடிப் பார்த்தார்கள்.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்,
அதிகாலை ஐந்தேமுக்காலுக்கு.
ஏழு குடம். எட்டாவதுக்குள் நின்றுவிடும்.
குழாயடியில் பெண்கள் எனக்கு இடம் விடுவார்கள்,
ஆக்னஸுக்கு விடமாட்டார்கள்;
அவள் சண்டைபோடுவதைப் பார்ப்பதில்
அவர்களுக்கு அவ்வளவு ஆசை.

நான்கரைக்குப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு.
அவசரத்தில் அவள் தன் மொழியில் எண்ணிவிடுவாள்.
போன வாரம் ஏலக்கூடத்தில் ஒரு பொடியன்
சாளைக்கூடையை
யெதன், த்வா, த்ஷி
என்று எண்ணிக்கொண்டிருந்தான்.
வியாபாரி மறுபேச்சில்லாமல் காசு கொடுத்தார்.

ஏழு மணிக்கு என் வகுப்பு:
வளைகுடாவுக்குப் போகிறவர்கள்,
போய்த் திரும்பியவர்கள்,
திரும்பவும் போகிறவர்கள்.
தலைமை அலுவலகம் அனுப்பிய புத்தகத்தில்
ஏழாம் பாடம்: அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது?
"இத நடுக்கடல்ல யாரிட்ட மிஸ் கேக்க?"
என்றான் வின்சோ.
புத்தகத்தை மூடினேன்.
அவர்கள் சொல்லச் சொல்ல
பலகையில் எழுதிக்கொண்டே போனேன்:

என்ஜின் நின்றுவிட்டது.
நாங்கள் நான்கு பேர், ஒருவருக்குக் காய்ச்சல்.
எல்லை எங்கே என்று தெரியவில்லை.
மூன்று மாதச் சம்பளம் வரவில்லை.
பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறது. அது என்னுடையது.

கடைசி வரியை நாற்பது தடவை சொன்னார்கள்.
மூன்று பேருக்குத் தொண்டை கட்டியது.

ஒரு வியாழக்கிழமை
பாதி வகுப்பில் சுனிலா ஓடிவந்தாள்,
கையில் ஸ்பீக்கர் போட்ட போன்.
பஹ்ரைனிலிருந்து டெல்பின்ராஜ்.
"கேட்டாச்சு மிஸ். நீங்க சொன்னபடி, ஒரு எழுத்து மாறாம."
"என்ன சொன்னாங்க?"
"சூப்பர்வைசர் சிரிச்சாரு.
நாட்டில் எவிடெயான்னு கேட்டாரு.
குளச்சலுக்குப் பக்கம்னேன்.
அவருக்கு விழிஞ்ஞமாம்."

ஓரத்துப் பெஞ்சு சரிந்தது.
மலையாளம் இங்கே எல்லோர் நாக்கிலும் இருக்கிறது.
எனக்குத்தான் இல்லை.
சிரிப்பில் நான் அரை நொடி தாமதமாகச் சேர்ந்தேன்.

"ரெண்டு மாசத்துக்கு உள்ளது தந்தாரு.
மிச்சம் ஒண்ணு அரபிகிட்ட இருக்கு.
அதுக்கு இங்கிலீஷ் வேணும் மிஸ்,
அந்த வரிய இன்னொரு தடவ சொல்லுங்க."
சொன்னேன்.
வகுப்பு முழுவதும் என்னோடு சொன்னது,
அந்தப் பக்கம் கடல் தாண்டி அவனும்.
சுனிலா மட்டும் சொல்லவில்லை.
போனைச் சேலைத்தலைப்பால் துடைத்து
பையில் வைத்தாள்.

இரவு கதவுக் கொண்டியில்
ஒரு பாலிதீன் பை நெத்திலி தொங்கியது.
யார் வைத்தது என்று கேட்டால்
யாரும் வைக்கவில்லை.

விடியுமுன் மாத அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
பதிவு செய்தவர்கள்: இருபது.
வகுப்புக்கு வந்தவர்கள்: ஆறு.
கடலில்: பதினான்கு.
தாக்கம் என்றொரு கட்டம் இருந்தது.
பேனாமுனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
மூன்றில் இரண்டு என்று எழுதினேன்.
ஆக்னஸ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
இதை இதற்குமேல் சுருக்க முடியாது என்றாள்,
கணக்கு டீச்சராக.

கீழே குழாய் இருமியது.
குடங்களோடு ஓடினோம்.