ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றே கீழே
ஒரு எலும்புக் கழுத்து.
அதைச் சுற்றிக்கொண்டு போகும் நரம்பு
தோலுக்கு அவ்வளவு அருகில் ஓடுகிறதென்று
இருபத்தாறு வருடம் யாரும் எனக்குச் சொன்னதில்லை.
சொல்லியிருந்தாலும் என்ன செய்திருப்பேன்.

ரன்வா வேண்டுமென்று செய்யவில்லை.
பயிற்சி ஆட்டம். பக்கவாட்டில் மழை.
பந்து இருவருக்கும் நடுவில் கிடந்தது, அவ்வளவுதான்.
சத்தத்துக்குச் சரிவில் மேய்ந்த ஆடுகள்
தலை தூக்கிப் பார்த்தனவாம்.
எனக்குக் கேட்கவில்லை.

தசைநார்களைத் தைத்தார்கள்.
அவை நல்ல பிள்ளைகள், சொன்ன தேதிக்கு ஆறின.
நரம்புக்குத்தான் நெஞ்சழுத்தம்.
கோபன்ஹேகனில் ஒரு மருத்துவர்
கெண்டைக்காலிலிருந்து வேறொன்றை எடுத்து ஒட்டுப் போட்டார்.
"ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்" என்றார்.
பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே,
"வளர்ந்தால்."
அந்த 'ஆல்' மேல் உட்கார்ந்துதான்
விமானத்தில் தீவுக்குத் திரும்பினேன்.

பாதம் தொங்கியது.
தூக்கு என்றால் தூக்காது.
முட்டியை உயர்த்தி, சேற்றில் போகும் நாரை மாதிரி
எட்டு வைக்க வேண்டும். வைத்ததும் தரையில்
சப்.
மீன் ஆலையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
சப். தூரி வருகிறாள்.
சப். தூரி காபிக்குப் போகிறாள்.

ஞாயிறுதோறும் காலை விரலால் தட்டிக்கொண்டே இறங்குவேன்.
எங்கே தட்டினால் பாதத்துக்குள் எறும்பு ஓடுகிறதோ
அங்கே ஒரு கோடு,
பெட்டிகளுக்குக் குறியிடும் அழியாப் பேனாவால்.
வாரத்துக்கு ஒரு பட்டாணி அகலம்.
சில வாரம் அதுவும் கிடையாது.
தம்பி ஹனுஸ் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"தீவுகளில் ரயிலே இல்லை,
உன் காலில் மட்டும் இத்தனை நிலையங்கள்."
சிரித்தேன். அன்றிரவு
எல்லாக் கோடுகளையும் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் கடல்.
விழும் பந்தை எடுக்க ஒரு படகு உண்டு.
"உட்கார்ந்து செய்கிற வேலைதானே" என்று
நீண்ட காம்பு வைத்த வலையை என் கையில் தந்தார் பயிற்சியாளர்.
படகின் நடுவே ஒரு நங்கூரக் கயிறு.
ஒவ்வொரு ஆட்டத்திலும் அது என்னைத் தடுக்கியது.
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம்
அந்தக் கயிற்றுக்கும் தெரியும்.

என் இடத்தில், இடது ஓரத்தில், ரன்வா ஆடினாள்.
ஏழு மாதம் என் வீட்டுக்கு வரவில்லை.
ஆனால் அவள் உதைக்கும் பந்து மட்டும்
அடிக்கடி கடலுக்கு வந்தது.
எடுத்து எறிவேன். விளிம்பில் நின்று பிடிப்பாள்.
"குளிரா?" என்பாள்.
"இல்லை" என்பேன்.
அதற்குள் விசில் ஊதிவிடும்.
அதை மட்டும் அவள் வேண்டுமென்றே செய்தாள்
என்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

முந்நூற்றுப் பதினோராம் நாள்.
பந்து பாறைப் பக்கம் ஒதுங்கியது.
எழுந்தேன், முன்பக்கம் போனேன், அள்ளினேன்,
திரும்பினால்
கயிறு எனக்குப் பின்னால் கிடக்கிறது.

எப்போது தாண்டினேன்?

சோதித்துவிடலாமென்று மறுபடி நடந்தேன்.
தடுக்கி விழுந்தேன்.
முழங்கையில் தோல் உரிந்தது.
மூன்றாவது முறை காலைப் பார்க்காமல்,
கரையில் கை நீட்டி நிற்கிறவளைப் பார்த்தபடி வந்தேன்.
பூட்ஸுக்குள் கட்டைவிரல் ஏதோ ஒரு பாரத்தை
அரை அங்குலம் தூக்கியது.
என் பாதத்தின் பாரம்தான் அது.

"பந்து!" என்று கத்தினாள் ரன்வா.
நடுவர் கத்தினார். எதிரணியும் கத்தியது.
பந்து என் மடியில் இருந்தது.
கொஞ்ச நேரம் தரவில்லை.

இப்போது கடைசி இருபது நிமிடம் ஆடுகிறேன்.
பாதம் முக்கால்வாசி உயரும்.
குளிர் அதிகமானால் பாதி.
கோல் எதுவும் அடிக்கவில்லை, கேட்காதீர்கள்.
ஒட்டுக்கு நரம்பு கொடுத்த வெளி ஓரம்
இன்னும் மரத்தே இருக்கிறது.
அங்கே பந்து பட்டால் காலுக்குத் தெரியாது.
குனிந்து பார்க்கிறேன், வந்திருக்கிறது.
நிமிர்ந்து பார்க்கிறேன்,
ரன்வா ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டாள்.