காரியம்: பாக்கி முந்நூறு

எங்கள் சவுண்ட் சர்வீஸின் நீள நோட்டில்
தொண்ணூற்றேழு ஆடிக்கும் மறுவருஷ ஆனிக்கும் நடுவே
மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கட்சிக் கூட்டம்,
இவற்றுக்குள் நான்கு இடத்தில் இருக்கிறார்கள்:
காரியம். மைக் ரெண்டு, ஆம்ப் ஒண்ணு.

யாருக்கும்மா காரியம் என்று கேட்டேன்.
"பேண்டு பேருண்ணா" என்றாள் செராபின்.
கண்ணுக்குக் கீழே மை வழிந்திருந்தது.
அழுதிருக்கிறாள் என்று நினைத்து
வாடகையில் ஐம்பது குறைத்தேன்.
பிறகு தெரிந்தது, தினமும் அப்படித்தான் வழியவிடுவாள்.

குணாளனுக்குப் பெரம்பூரில் வாங்கிய பழைய கிட்டார்.
அதன் முதுகில் யாரோ சுரண்டிய ஒரு பெண் பெயர்.
தாளத்துக்கு ஆள் கிடையாது,
கேசியோதான். உப்புக்காற்று பட்டு
நாலாவது அடியில் இருமும்.
காசிமேட்டில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியில் பழகினார்கள்.
மீன் கவிச்சி போகவில்லை; எதிரொலி இலவசம்.

முதல் நிகழ்ச்சி தண்டையார்பேட்டையில்.
கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து:
காரியம், சனி மாலை ஏழு மணி, அனைவரும் வருக.
வந்தது பதினொரு பேர்.
நாலு பேர் கையில் மாலை.
ஒருவர் அரிசிப் பையை மடியில் வைத்தபடி
கடைசிப் பாட்டுவரை அசையாமல் இருந்தார்.
போகும்போது குணாளன் கையைப் பிடித்து
"மனசத் தேத்திக்கப்பா" என்றார்.
அவர்களுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

எங்கள் பக்கம் சாவு
தெருவை அடைத்துக்கொண்டு போகும்.
பூவை வாரி இறைக்கும், வெடி போடும்,
பஸ்ஸை நிறுத்தி ஆடும்.
குணாளனுக்கு அதை ஒரு நிமிஷமாவது
சும்மா நிற்கவைக்க வேண்டும்.
செராபினுக்கு என்ன வேண்டும் என்று
நான் கேட்டதில்லை.

இரண்டாவதில் கரண்ட் போனது.
மூன்றாவது பற்றி நோட்டில்
"ஒயர் டேமேஜ்" என்று மட்டும் இருக்கிறது.
நடுவில் ஒரு கேசட், முப்பது பிரதி.
ரெண்டாம் பாட்டில் துறைமுகத்துக் கப்பல் ஊதும்;
வெட்டவே கூடாதென்று இருவரும் சேர்ந்து அடம்பிடித்தார்கள்.
அவர்கள் ஒத்துப்போனது அதில்தான்.

நாலாவது, வியாசர்பாடி மொட்டைமாடி.
சாவுக்கு அடிக்கும் வரதனை
செராபின் கூட்டிவந்துவிட்டாள், சொல்லாமல்.
மிச்சமிருந்த கறுப்பு நோட்டீசையெல்லாம் கொளுத்தி
அவர் தோலை வாட்டினார்.
முதல் அடி விழுந்ததும்
தண்ணித் தொட்டிமேல் இருந்த பையன்கள் குதித்து இறங்கினார்கள்.
மாடியே ஆடியது.
பாடிக்கொண்டே செராபின் சிரித்தாள்,
நான் பார்த்த ஒரே தடவை.

ஸ்பீக்கரில் "டொப்" என்றது.
குணாளன் கிட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.
படியிறங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு ஆட்டம்.
அவள் கிட்டார் இல்லாமலே பாட்டை முடித்தாள்.
இன்னொரு தரம் என்றார்கள்,
இன்னொரு தரமும் பாடினாள்.

இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில்
பார்லர் வைத்திருக்கிறாள்;
மணப்பெண்களுக்கு மை கலையாமல் இட்டுவிடுகிறாள்.
எத்தனை நிகழ்ச்சி செய்தீர்கள் என்றால்
ஒண்ணுதாண்ணா, என்கிறாள், மத்ததெல்லாம் ரிகர்சல்.
கன்டெய்னர் யார்டில் சீல் சரிபார்க்கும் குணாளன்
மூணு என்கிறான், விரலைக் காட்டி.

நோட்டில் நாலு.
நாலாவதுக்கு நேரே
சிவப்பு மையில் பாக்கி முந்நூறு.
இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன்.
அது அவளோட கணக்கு என்கிறான்.
அவள் மேசை டிராயரைத் திறந்து,
பிறகு மூடிவிட்டு,
டீ சொல்லட்டுமா என்கிறாள்.